இரண்டு கையும் வேண்டும்

துப்பாக்கிக் கடையில் என் கணவர் உண்மையைச் சொல்லிவிட்டார். அங்கே செய்யக்கூடாத ஒரே வேலை அதுதான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கவில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்ற விற்பனையாளர், எங்களுக்கு ஒன்றை எடுத்துக் காட்டப்போகிறவர்போலக் குனிந்தபடி, என்ன தேவைக்கு என்று கேட்டார். என் கணவர் மிகவும் மரியாதையான ஆங்கிலத்தில், வீட்டுப் பாதுகாப்புக்கு, என் மனைவி பகலில் தனியாக இருக்கிறாள் என்றார். குனிந்தவர் நிமிர்ந்தார். அந்தக் காரணத்துக்காகக் கனடாவில் யாருக்கும் கைத்துப்பாக்கி விற்க முடியாது, இலக்குப் பார்த்துச் சுடுகிற விளையாட்டுக்கு வாங்கலாம், சேகரித்து வைக்க வாங்கலாம், அதற்கும் முதலில் வகுப்புக்குப் போய் லைசென்ஸ் எடுக்கவேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, நீங்கள் இப்போது சொன்னது என் காதில் விழவில்லை என்றும் சொன்னார். நல்ல மனிதர்.

காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தியதும் நான் கத்தினேன்.

"உங்களை ஆர் வாய் திறக்கச் சொன்னது?"

"அவன் கேட்டவன். அதுதான் சொன்னன்."

"கேட்டால் சொல்லுறதோ? களவெடுக்க வந்தவனும்தான் கேட்டவன். நான் வாய் திறந்தனானே?"

அவர் காரை எடுத்தார். என் கழுத்தில் அப்போது மஞ்சள் கயிறுதான் இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குப் பேச்சு நின்றுவிடும்.

இதெல்லாம் கைத்துப்பாக்கி விற்பதையே இந்த நாடு நிறுத்துவதற்கு முந்திய வருடம் நடந்தது. இப்போது யாரும் எந்தப் பொய்யும் சொல்லி வாங்க முடியாது. அப்போது, சரியான பொய்யைச் சரியான படிவத்தில் எழுதினால் வாங்கலாம்.

நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். பதினாறு வருடமாக ஓட்டுகிறேன். காலை ஓட்டம் ஒன்பது மணிக்கு முடிந்துவிடும். பின்னேர ஓட்டத்துக்கு இரண்டு மணிக்குப் போனால் போதும். இடையில் இருக்கிற ஐந்து மணித்தியாலம் என்னுடையது. ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கியதே அந்த ஐந்து மணித்தியாலத்துக்காகத்தான் என்று வேடிக்கையாகச் சொல்வேன், ஆனால் அது உண்மை. ஸ்காபரோ பேஸ்மென்றில் பதினொரு வருடம் இன்னொருத்தியுடன் அடுப்பைப் பங்குபோட்டுச் சமைத்தவளுக்குத்தான், யாரும் இல்லாத ஒரு குசினியில் காலை நீட்டிக்கொண்டு தேத்தண்ணி குடிப்பதன் அருமை தெரியும்.

அந்தக் குசினிக்குள்தான் அவர்கள் வந்தார்கள்.

எங்கள் வீட்டில் பாதுகாப்புக்குக் குறைவு இருக்கவில்லை. வாசலில் கமரா. ஆள் நடமாடினால் எரிகிற லைற். என் கணவரின் யோசனைப்படி, படியில் பெரிய சைசில் ஒரு சோடி ஆம்பிளைச் சப்பாத்து, பக்கத்தில் நாய்க்குத் தண்ணி வைக்கிற கிண்ணம். எங்களிடம் நாய் இல்லை. அந்தச் சப்பாத்துக்குள் அவரின் இரண்டு காலும் ஒன்றாகப் போகும். எங்கள் தெருவில் கார்கள் களவு போகத் தொடங்கியதும், என் காரையும் வெளியில் விடாமல் கராஜுக்குள் விட்டுப் பூட்டினோம். அதனால் அன்று காலை எங்கள் ட்ரைவ்வே வெறுமையாக இருந்தது. வீட்டில் ஒருவரும் இல்லை என்று நினைத்துத்தான் அவர்கள் பின்பக்கக் கண்ணாடிக் கதவை உடைத்தார்கள் என்று பொலிஸ் பிறகு சொன்னது. ஒரு கள்ளனுக்குப் பயந்து செய்த வேலை இன்னொரு கள்ளனை வரவழைத்தது.

ஏன் எங்கள் வீடு என்பதற்கும் காரணம் இருந்தது. அதை நாங்களே காசு கொடுத்துச் செய்தோம். அதற்கு மூன்று மாதம் முன்னால், மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு செய்தோம். வீடியோக்காரர் ட்ரோன் விட்டு வீட்டை மேலேயிருந்து எடுத்தார். கமரா மெல்ல இறங்கி, வாசல் இலக்கத்தைத் தொட்டு, கதவு திறந்து, படியேறி, நேரே மகளின் கழுத்துக்கு வந்து நின்றது. அட்டியல், பதக்கம், ஒட்டியாணம், முழங்கைவரை காப்பு. சனம் பார்த்து வாயில் கை வைத்தது. நாங்கள் அதை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டோம். அவ்வளவும் மேக்கப் செய்ய வந்த பெண்ணிடம் இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்த கவரிங். வீடியோவில் அது தெரியவில்லை. தெரியக்கூடாது என்றுதானே நல்ல வீடியோக்காரரைப் பிடித்தோம்.

வந்தது இரண்டு பேர். முகத்தை மூடியிருந்தார்கள். ஒருவன் மேலே போய் அலுமாரிகளைக் கொட்டத் தொடங்கினான். மற்றவன் என்னுடன் குசினியில் நின்றான். அவன் கையில் கைத்துப்பாக்கி. நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியைத் தண்ணித் தொட்டிக்குள் போடச் சொன்னான், போட்டேன். கோல்ட் எங்கே, கோல்ட் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கவரிங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம், நல்லது பாங்க் லொக்கரில் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அவனுடன் கதைக்க விருப்பம் இருக்கவில்லை.

பிறகு அவன் என் கழுத்தைக் கண்டான்.

என் தாலிக்கொடி பதினொரு பவுண். முன்பு நீளமாக இருந்தது. பஸ் ஓட்டும்போது சீற் பெல்ற்றில் சிக்குகிறது என்று வெட்டிக் கழுத்தோடு குட்டையாக்கினேன். வெட்டிய துண்டில்தான் மகளுக்குத் தோடு செய்தது. குட்டையாக்கியதால் அதைத் தலையால் கழற்ற முடியாது. பிடரிப்பக்கம் இருக்கிற சுரையைத் திருகித்தான் கழற்றவேண்டும். அவன் ஒருதரம் பிடித்து இழுத்தான். கொடி அறவில்லை, என் கழுத்துத்தான் அறுந்தது. தலையால் எடுக்கப் பார்த்தான், நாடியில் இறுகியது. பிறகு என்னைத் திருப்பி மேசைப்பக்கம் பார்க்க விட்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, துப்பாக்கியை வெட்டுப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தான். இரண்டு கையாலும் சுரையைத் திருகத் தொடங்கினான்.

துப்பாக்கி என் வலது கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கறுப்பு. பிடியில் குறுக்குக்கோடு. ஒரு பக்கத்தில் சின்னக் கீறல். ஒரு கத்தரிக்காய்த் துண்டு அதில் ஒட்டியிருந்தது.

அவன் விரல் நடுங்கியது. சுரை பிடிபடவில்லை. எங்கள் கலியாணத்தில் என் கணவரும் இதே சுரையைப் பூட்ட முடியாமல் வேர்த்து ஒழுகினார். மேளம் கெட்டிமேளமாக அடித்து அடித்து ஓய்ந்தது, சனம் சிரித்தது. அது எனக்கு அந்த இடத்தில் ஞாபகம் வந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. நிறைய நேரம். நான் துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எடுக்கவில்லை.

கடைசியில் சுரை கழன்றது. கொடியோடு அவர்கள் போன பிறகு பொலிஸ் வந்தது. துப்பாக்கியைப் பற்றி நான் சொன்னதை எழுதிய பெண் நிமிர்ந்து பார்த்து, பொதுவாக யாரும் இவ்வளவு விவரமாகச் சொல்வதில்லை என்றாள். எதிர்க்காமல் விட்டது மிகவும் புத்தியான செயல் என்று பாராட்டினாள். எனக்கு அந்தப் பாராட்டு கன்னத்தில் அடித்த மாதிரி இருந்தது. அது ஒரு சாண் தூரத்தில் கிடந்ததை அவளுக்கு நான் சொல்லவில்லை. என் கணவருக்கும் சொல்லவில்லை. அன்று பின்னேரம் அவர் மஞ்சள் துண்டு ஒன்றைக் கயிற்றில் முடிந்து, சாமியறைக்கு முன்னால் என் கழுத்தில் கட்டினார். கட்டும்போது அழுதார். நான் அழவில்லை. எனக்குக் கோபம். வந்தவன் மேலும், அதைவிட என் வலது கை மேலும்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறினேன். அது பிரச்சினை இல்லை. ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்து காரை விட்டு இறங்க முடியவில்லை. இரண்டு மணிவரை கராஜுக்குள் காரிலேயே இருந்தேன். இப்படி ஆறு நாள். ஏழாம் நாள் என் கணவர், வீட்டை வித்துப்போட்டு யூனியன்வில்லில் தன் தமையன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒன்றைப் பார்ப்போம் என்றார்.

"விக்கேலாது," என்றேன். "எனக்கு ஒரு துவக்கு வேணும்."

"உமக்கென்ன விசரே?"

"ஓம். விசர்தான்."

அப்படித்தான் தொடங்கியது. குசினியைத் திரும்பப் பிடிக்கவேண்டும். அந்தக் கை ஏன் எடுக்கவில்லை என்று தெரியவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது இந்த இரண்டும்தான்.

வகுப்புக்குப் போனேன். இருபது பேரில் பொட்டு வைத்தவள் நான் ஒருத்தி. படிவத்தில் காரணம் என்ற இடத்தில் இலக்குச் சுடுதல் என்று எழுதினேன். கணவரும் கையெழுத்து வைக்க ஒரு இடம் இருந்தது. அவர் பேனையைத் திறந்தார், திரும்ப மூடினார். "நான் வைக்காட்டி?" என்று கேட்டார். "வைக்காட்டி ஏன் எண்டு அவங்கள் உங்களைத்தான் கேப்பாங்கள். அங்கயும் போய் உண்மையைச் சொல்லுங்கோ," என்றேன். வைத்தார்.

பிறகு, எது எனக்குப் பொருத்தமானது என்று தெரிவுசெய்ய, வடக்கே ஒரு சுடுகளத்துக்குப் போனோம். அங்கே சொல்லித்தந்தவர் வெள்ளை மீசைக்காரர், கதை குறைவு. நான் மனதில் நினைத்து வைத்திருந்தது கைப்பைக்குள் அடங்குகிற சின்னது. அப்படிக் குழல் குட்டையான எதையும் இங்கே வாங்க முடியாது என்றார். வாங்க முடிந்தாலும் உனக்கு வேண்டாம், சின்னதுதான் கையை அதிகம் உதைக்கும் என்றார். சுழல்துப்பாக்கி ஒன்றைத் தந்தார். அதில் சிக்கல் ஒன்றும் இல்லை, இழுத்தால் வெடிக்கும். ஆனால் விசை இறுக்கம். இழுத்து முடிப்பதற்குள் குழல் இலக்கை விட்டுப் போய்விட்டது. அடுத்தது தடித்த குண்டு போடுகிற பெரியது. ஒரே வெடியில் என் தோள்மூட்டு ஆடியது. பிடியைச் சுற்றி என் விரல் போய்ச் சேரவில்லை. மூன்றாவது நடுத்தரமான ஒன்பது மில்லிமீற்றர். இரும்பு, பாரம். பாரமானதால்தான் உதைக்கவில்லை என்று விளங்கப்படுத்தினார். மேல்தட்டைப் பின்னால் இழுக்கப் பெண்கள் பலர் கஷ்டப்படுவார்கள் என்றார். பதினாறு வருடம் பஸ் வளைத்த கை. ஒரே இழுவையில் இழுத்தேன்.

பத்துக் குண்டில் எட்டு, கடதாசி மனிதனின் நெஞ்சில். என் கணவர் காதுமூடியோடு பின்னால் நின்று வாயைப் பிளந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை ஏன் மறைக்கவேண்டும்? அந்தக் கிழமை முழுக்க இட்டலி மாவை அரைக்கும்போதுகூடச் சந்தோஷமாக இருந்தேன். கை நல்ல கைதான் என்று தெரிந்துவிட்டது.

துப்பாக்கிக்கு முதலே இரும்புப் பெட்டியை வாங்கிவிட்டார் என் கணவர். அது மலிவு விற்பனையில் கிடைத்தது. சட்டப்படி துப்பாக்கி வெறுமையாக இருக்கவேண்டும், விசைக்குப் பூட்டு வேண்டும், அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டவேண்டும், குண்டும் பூட்டுக்குள் இருக்கவேண்டும். சரி, ஒத்திகை பார்ப்போம் என்றேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம். துப்பாக்கிக்குப் பதிலாகத் தலைமயிர் காயவைக்கிற மெசின். கணவர் கள்ளன். மகள் கையில் போனோடு நேரம் பார்த்தாள்.

முதல்தரம் பெட்டி மேலே சேலை அலுமாரிக்குள் இருந்தது. அவர் பின்கதவால் உள்ளே வந்தபோது நான் மாடிப்படியில் மூன்றாம் படி. "அம்மா, யூ ஆர் டெட்," என்றாள் மகள். இரண்டாம்தரம் பெட்டியைக் குசினிக்குள் கொண்டுவந்தோம். நான் பெட்டித் திறப்பைத் தேடினேன், திறந்தேன், விசைப்பூட்டின் திறப்பைத் தேடினேன், குண்டுப் பெட்டியின் திறப்பு வேறு. கள்ளன் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றான். பாவம் பார்த்து, பொறுக்கிறேன் என்றான். நான் முடித்துத் திரும்பியபோது அவர் கதிரையில் இருந்து இரண்டு ரோல்ஸ் தின்று முடித்திருந்தார்.

மகள் சிரித்துச் சிரித்துத் தரையில் இருந்துவிட்டாள். நானும் சிரித்தேன். அவள் மேலே போனதும் சிரிப்பு நின்றது. குண்டு போட்டபடி எப்போதும் வெட்டுப்பலகைக்குப் பக்கத்தில் வைத்திருந்தால்தான் அது எனக்கு உதவும். அப்படி வைத்தால் பொலிஸ் பிடித்து மறியலில் அடைப்பது என்னைத்தான். அதுமட்டுமா, மகளும் அந்தக் குசினியில்தான் சாப்பிடுகிறாள்.

என் கணவர் விட்டபாடில்லை. அவர் இப்போது என் பக்கம் வந்துவிட்டார், வந்தவர் எனக்கும் மேலால் போய்விட்டார். "எடுக்கத் தேவையில்லையப்பா. இருக்கெண்டு தெரிஞ்சால் காணும். உம்மடை அந்த ஓட்டை விழுந்த கடதாசியை முன்யன்னலில ஒட்டுவம். பார்த்தவன் ஓடிடுவான்."

"எங்கடை அப்பாட்டையும் ஒரு துவக்கு இருந்தது," என்றேன்.

அது அவருக்குத் தெரியாத கதை. யாழ்ப்பாணத்தில், சண்டை தொடங்கிய காலத்தில், அப்பாவிடம் லைசென்ஸ் உள்ள வேட்டைத்துவக்கு இருந்தது. எங்கள் ஒழுங்கை முழுக்க அது தெரியும். அப்பாவும் தெரியட்டும் என்றுதான் வருடத்துக்கு ஒருமுறை முற்றத்தில் வைத்து எண்ணெய் போட்டுத் துடைப்பார். ஒரு நாள் பட்டப்பகலில் இயக்கப் பொடியள் நாலு பேர் வந்தார்கள். எங்கள் வீட்டில் வேறு எதையும் தொடவில்லை. துவக்கைத் தாங்கோ ஐயா என்று மரியாதையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ஆமி வந்தது. லைசென்ஸ் கொடுத்த துவக்கு எங்கே என்று கேட்டு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனது. திரும்பி வந்தார், ஆனால் இடது காது கேட்காமல் வந்தார்.

"இருக்கெண்டு தெரிஞ்சதாலதான் வந்தவங்கள்," என்றேன். "ரெண்டு பகுதியும்."

கணவர் கடதாசியைச் சுருட்டி மேசையில் வைத்தார். "அப்ப வீட்டை விப்பம். துவக்கும் வேண்டாமெண்டால் வேற என்ன வழி?"

அப்போதுதான் சொன்னேன். அவன் துப்பாக்கியை எங்கே வைத்தான் என்பதை மேசையில் தொட்டுக் காட்டினேன். நான் எங்கே நின்றேன் என்றும் நின்று காட்டினேன்.

அவர் அந்த இடத்தையே பார்த்தார். "எடுத்திருக்கலாமே," என்றார். குற்றமாகச் சொல்லவில்லை.

"எடுத்திருக்கலாம்."

"பயந்திட்டீரோ?"

இவ்வளவு மாதமும் நான் என்னையே கேட்ட கேள்வி. அவர் வாயால் கேட்டதும் பதில் நேரே வந்தது, எனக்கே ஆச்சரியமாக. "இல்லை. மேல ஒருத்தன் நிக்கிறான். கீழ உவனுக்குக் கை நடுங்குது. எடுத்தால் சுடவேணும். சுட்டால் அவன் என்ரை குசினியிலதான் விழுவான். பிறகு நான் எங்க இருந்து தேத்தண்ணி குடிக்கிறது? ரெண்டு மணிக்கு ஆர் பஸ்ஸை எடுக்கிறது? உதெல்லாம் யோசிச்சனான். அவன் சுரையைத் திருகி முடிக்கிறவரைக்கும் யோசிச்சு, வேண்டாமெண்டு விட்டனான். விட்டது நான். அவன் இல்லை."

சொல்லச் சொல்ல எனக்கு முதுகு நிமிர்ந்தது. அந்தப் பொலிஸ்காரி பாராட்டியது என் பயத்தை. நான் அன்று செய்தது வேறு. அதை யாரும் புத்தியான செயல் என்று முதுகில் தட்டவேண்டிய தேவை இல்லை. நான் முடிவெடுத்தேன். அடுத்தமுறை வேறு முடிவு எடுக்கவும் எனக்குத் தெரியும். எட்டு ஓட்டை விழுந்த கடதாசி அதற்குச் சாட்சி.

வீட்டை விற்கவில்லை. துப்பாக்கியும் வாங்கவில்லை. லைசென்ஸ் மட்டும் தபாலில் வந்தது. அந்தக் கார்ட் இப்போதும் என் பேர்சுக்குள் சாரதி லைசென்சுக்குப் பின்னால் கிடக்கிறது. நாய்க்கிண்ணத்தையும் சப்பாத்தையும் குப்பையில் போட்டேன். காரைக் கராஜை விட்டு வெளியே எடுத்து ட்ரைவ்வேயின் நடுவில் விட்டேன். இருக்கிறேன் என்று தெரியட்டும். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்து, குசினியில் அதே இடத்தில் நின்று கத்தரிக்காய் வெட்டினேன். துண்டுகள் சின்னதும் பெரிதுமாக விழுந்தன. கடைசிக் காய்வரை வெட்டி முடித்தேன்.

அந்தச் சனிக்கிழமை வோபர்ன் பக்கம் உள்ள ஒரு நகைக்கடைக்குப் போனோம். என் கணவர் வழி முழுக்க, தினசரிப் பாவனைக்குக் கவரிங் போதும், நல்லதை லொக்கரில் வைப்போம் என்று சொல்லிக்கொண்டு வந்தார். கடைக்காரர் அளவெடுத்தார். அதே பதினொரு பவுண், அதே குட்டை என்றேன்.

"அக்கா, இப்ப எல்லாரும் கொழுக்கிதான் போடுவிக்கினம்," என்றார். "நாட்டு நிலவரம் தெரியும்தானே. ஆரும் கேட்டால் ஒரு கையால கெதியாக் கழட்டிக் குடுத்திட்டுத் தப்பிடலாம்."

"எனக்குச் சுரை வேணும்," என்றேன். "இறுக்கமாச் செய்யுங்கோ."

"இல்லையக்கா, உங்கடை பாதுகாப்புக்குத்தான் சொல்லுறன்..."

நான் வாயைத் திறக்க முதல் என் கணவர் குறுக்கிட்டார். உண்மை சொல்லிப் பழகிய வாய்.

"அவ சொல்லுற மாதிரிச் செய்யும் தம்பி," என்றார். "கழட்டுறதெண்டால் அவனுக்கு ரெண்டு கையும் வேணும்."

கடைக்காரருக்கு விளங்கவில்லை. எழுதிக்கொண்டார்.

மூன்று கிழமையால் போய் எடுத்தோம். கடையிலேயே பூட்டிவிடச் சொன்னேன். மஞ்சள் கயிற்றை என் கணவர் அவிழ்த்தார். கொடியைப் போட்டுச் சுரையைத் திருகத் தொடங்கினார். இருபது வருடமாகியும் அந்த மனிதருக்கு அது பிடிபடவில்லை, வேர்த்த விரல் வழுக்கி வழுக்கிப் போனது. நான் அவசரப்படுத்தவில்லை. அவர் திருகி முடிக்கும்வரை, முன்னால் இருந்த கண்ணாடி மேசையில் என் வலது கையை விரித்து வைத்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.